தொட்டியில் குளோரின் இருக்கிறது, கடைசித் தெருக் குழாயில் இல்லை. எங்கே போகிறது?

கடைத்தெரு எழுதியது:

ஊராட்சியில் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று. தினமும் 120 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுகிறார்கள், பதிவேட்டில் நாள் தவறாமல் கையெழுத்தும் இருக்கிறது. ஆனாலும் மழை பிடித்ததிலிருந்து கடைசித் தெருவில் மட்டும் பேதி. 9 நாளில் 11 பேர், அதில் 4 பேர் குழந்தைகள். மற்ற தெருக்களில் ஒருவருக்கும் இல்லை. கடைசித் தெருக் குழாயில் குளோரோஸ்கோப் (குளோரின் அளவை நிறத்தால் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தால் நிறமே வரவில்லை. தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் மஞ்சள் வருகிறது. 120-ஐ 240 கிராமாக்கச் சொல்லலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வாளர்_தெற்கு எழுதியது:

அளவைக் கூட்டுவதற்கு முன் சில கணக்குகளைப் பார்த்துவிடுங்கள்.

1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பதுதான் நம் ஊராட்சிகளில் வழக்கம். அதன்படி 30,000 லிட்டருக்கு 120 கிராம் சரிதான். ஆனால் அந்த 4 கிராம் கணக்கு, பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருப்பதாக வைத்துப் போட்டது. 4 கிராமில் 1.32 கிராம் குளோரின், அதாவது தண்ணீரில் 1.32 பிபிஎம் (லிட்டருக்கு 1.32 மில்லிகிராம்). மூட்டையைப் பிரித்துப் பம்ப் அறை மூலையில் ஈரத்தரையில் வைத்திருந்தால் அந்த 33 வேகமாக இறங்கும். 20-க்கு வந்துவிட்ட பவுடரில் அதே 120 கிராம் போட்டால் தண்ணீருக்குக் கிடைப்பது 0.8 பிபிஎம் மட்டுமே. வெயில், ஈரம், காற்று மூன்றுமே அதைக் கொல்லும். பவுடர் கட்டி கட்டியாக இருந்தாலோ, மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி இல்லாவிட்டாலோ சந்தேகப்படுங்கள். மூட்டையைப் பலகை மேல் வைத்து, வாயை இறுகக் கட்டி, பழையதை முதலில் தீர்க்க வேண்டும்.

கடைசிக் குழாயில் எவ்வளவு இருக்க வேண்டும்? இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500-இன்படி நுகர்வோர் முனையில் குறைந்தது 0.2 பிபிஎம். வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்பு தேவைப்படும் இடத்தில் 0.5. பேதி ஓடிக்கொண்டிருக்கும் தெருவுக்கு 0.5-க்குக் குறைவாக ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முக்கியமான கேள்வி: கடைசித் தெருவுக்கு வருவது அந்தத் தொட்டித் தண்ணீர்தானா? பல ஊர்களில் கடைசித் தெருவுக்கு அழுத்தம் போதவில்லை என்று போர் மோட்டாரிலிருந்து நேரடி பம்பிங் கொடுத்திருப்பார்கள். அல்லது தெருமுனையில் தனி பிளாஸ்டிக் தொட்டி ஒன்று, தனி போர் தண்ணீரோடு நிற்கும். அதற்கு யாரும் பவுடர் போடுவதில்லை. இதை முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

தொட்டி_பாண்டி எழுதியது:

சார் சொன்னது சரி. தொட்டி ஆபரேட்டர் பக்கம் நடக்கிற தப்பையும் சொல்லிடறேன், திட்டாதீங்க.

பவுடரை அப்படியே தொட்டிக்குள்ள கொட்டுறவங்க நிறைய பேர். அது அடியில போய்ச் சுண்ணாம்பாப் படிஞ்சிடும், வால்வையும் அடைக்கும். பிளாஸ்டிக் வாளியில முதல்ல கொஞ்சம் தண்ணி விட்டு, குச்சியால கூழாக் குழைக்கணும். இரும்பு வாளி வேண்டாம். அப்புறம் முக்கால் வாளி தண்ணி ஊத்திக் கலக்கி 10, 15 நிமிஷம் தெளிய விடணும். மேல தெளிஞ்ச தண்ணி மட்டும் தொட்டிக்குப் போகணும். அடியில நிக்கிற வண்டலைத் தொட்டிக்குள்ள விடக்கூடாது. தனியாக் குழி தோண்டிக் கொட்டலாம், கிணத்துப் பக்கம் வேண்டாம்.

எப்ப ஊத்தறதுங்கறதும் முக்கியம். தொட்டி நிரம்பின பிறகு ஊத்தினா கலக்காது. ஏறிக்கிட்டு இருக்கும்போது, பாதி நிரம்பின நேரத்துல ஊத்தணும், விழுற தண்ணியே கலக்கிடும். நிரம்பினதும் ஒரு மணி நேரம் வால்வைத் திறக்கக் கூடாது. காலையில 6 மணிக்குச் சப்ளைன்னா 5 மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கணும். பல இடத்துல கரண்ட் வர்ற நேரத்துக்குத்தான் ஏத்தமே, மோட்டார் போட்ட உடனே ஜனங்க குடத்தோட நிக்கிறாங்கன்னு திறந்துடுவாங்க. அப்பக் குளோரினுக்கு வேலை செய்ய நேரமே இல்ல.

முகக்கவசம், கையுறை இல்லாம குழைக்காதீங்க. தொட்டிக்குள்ள இறங்கிக் கழுவும்போது ரெண்டு மூடியும் திறந்திருக்கணும், வெளிய ஒரு ஆள் நிக்கணும். 15 நாளுக்கு ஒரு தடவை கழுவணும், கழுவின தேதியைத் தொட்டியிலேயே எழுதணும்.

குழாய்வழி எழுதியது:

பாண்டி அண்ணே, இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. நான் குழாய்ப் பக்கம் பார்க்கிறேன்.

கடைத்தெரு, ஓர் இடத்தில் பூஜ்யம் என்பதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. தொட்டியிலிருந்து கடைசித் தெருவரை குழாய் போகும் வரிசையிலேயே 6, 7 இடங்களில் அளந்து எழுதுங்கள். எண்கள் எப்படி இறங்குகின்றன என்பதில்தான் விடை இருக்கிறது.

படிப்படியாக இறங்கினால், அதாவது 0.8, 0.6, 0.4, 0.2 என்று வந்தால், தண்ணீரே குளோரினைத் தின்கிறது என்று பொருள். இரும்புச்சத்து உள்ள போர் தண்ணீரில் இது சாதாரணம். 1 மில்லிகிராம் கரைந்த இரும்பு சுமார் 0.64 மில்லிகிராம் குளோரினை விழுங்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பு இருந்தாலே நீங்கள் போடும் 1.32-இல் பாதி போய்விடும். அம்மோனியா கலந்திருந்தால் இன்னும் மோசம்: 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு 7.6 மில்லிகிராம் வேண்டும். குழாயின் உட்சுவரில் படிந்த துருவும் வழுவழுப்பும் தம் பங்குக்குத் தின்னும். இந்த நிலையில் அளவைக் கூட்டுவது நியாயம்.

இரண்டு குழாய்களுக்கு இடையில் திடீரென்று விழுந்தால், உதாரணமாக 0.5 இருந்தது அடுத்த குழாயில் பூஜ்யமானால், அந்த இரண்டுக்கும் நடுவே வெளித் தண்ணீர் உள்ளே வருகிறது. அங்கே 120 இல்லை, 500 கிராம் போட்டாலும் பயனில்லை. சாக்கடைத் தண்ணீர் ஒரு குடம் உள்ளே வந்தால் அந்த இடத்துக் குளோரின் அத்தனையும் அதற்கே சரியாகிவிடும்.

சாக்கடை எப்படி உள்ளே வரும் என்று பலர் கேட்பார்கள். தண்ணீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம், ஓட்டை இருந்தாலும் வெளியேதான் கசியும். சப்ளை நின்றதும் நிலைமை தலைகீழ். பள்ளத்தில் இருப்பவர்கள் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிப்பார்கள், மேட்டில் வெற்றிடம் உண்டாகும். அதே ஓட்டை வழியாகச் சுற்றியுள்ள ஈரம் உள்ளே இழுக்கப்படும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில் 23 மணி நேரம் குழாய் இந்த நிலையில்தான் கிடக்கிறது. யாராவது இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால், சப்ளை நேரத்திலேயே பக்கத்து வீட்டுக் குழாயில் இது நடக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: சாக்கடையைக் குறுக்கே கடக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வீட்டிணைப்புகள், தண்ணீர் நிற்கும் வால்வுக் குழிகள், எல்லாவற்றுக்கும் மேலாகக் குழிக்குழாய்கள். அழுத்தம் இல்லாத தெருவில் ஜனங்கள் தரையில் இரண்டடி பள்ளம் தோண்டி, குழாயை வெட்டிக் கீழே இறக்கிப் பிடிப்பார்கள். மழையில் அந்தப் பள்ளம் நிரம்பிக் குழாய் வாய் மூழ்கும். மூடி இல்லாத குழாய் என்றால் சப்ளை நின்ற மறுநிமிடம் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் முழுவதும் மெயின் லைனுக்குள் போகும்.

கடைசித் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். கடைசியாகப் போட்ட குழாய், இருப்பதிலேயே சிறிய விட்டம், சாக்கடைக்குப் பக்கத்திலேயே பதித்தது, எல்லாம் அந்தத் தெருவுக்குத்தான். பேதி அங்கே மட்டும் வருவது அவர்கள் சுத்தமின்மையால் என்று ஊரில் யாராவது பேசினால் இந்த எண்களைக் காட்டுங்கள்.

நுண்ணுயிர்க்கூடம் எழுதியது:

அளக்கும் முறையில் நடக்கும் தவறுகளைச் சொல்லியாக வேண்டும்.

குளோரோஸ்கோப்பில் வரும் ஆர்த்தோடாலிடின் திரவம் பழுப்பு பாட்டிலில், வெயில் படாமல் இருக்க வேண்டும். ஜன்னல் ஓரத்தில் ஒரு கோடை இருந்த திரவத்தை நம்பாதீர்கள். புதுத் திரவத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். திரவம் விட்டு 10 விநாடிக்குள் தெரியும் மஞ்சளைத்தான் தனிக் குளோரினாக, அதாவது எதனோடும் சேராமல் கிருமியைக் கொல்ல மிச்சமிருக்கும் குளோரினாக, எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் அம்மோனியாவோடு சேர்ந்து பலமிழந்த குளோரினும் நிறம் காட்டும். "0.5 இருக்கிறது" என்று நிம்மதியாகப் போய்விடுவோம், உண்மையில் 0.1 கூட இருக்காது. அந்தத் திரவம் உடம்புக்குக் கெடுதல், கையில் படக்கூடாது, பரிசோதித்த தண்ணீரைக் குடிதண்ணீரில் கொட்டக்கூடாது.

முடிந்தால், குளோரினை அளக்கும் டிபிடி மாத்திரைக்கு மாறுங்கள். இளஞ்சிவப்பு நிறம் வரும், தனிக் குளோரினைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும். ஒரே ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த நிறத்தையே வெளுத்துவிடும், பூஜ்யம் போலத் தெரியும். கண நேரம் சிவந்து மறைந்தால், நல்ல தண்ணீர் கலந்து பாதியாக்கி மறுபடி பாருங்கள்.

எந்த நேரத்தில் அளப்பது? சப்ளை தொடங்கியதும் வரும் முதல் தண்ணீரில் ஒன்று, 15 நிமிடம் கழித்து ஒன்று. இரண்டையும் எழுதுங்கள். இரவெல்லாம் குழாயில் உள்ளே புகுந்தது முதல் ஐந்து நிமிடத்தில்தான் வரும். குடத்தோடு முதலில் நிற்பவர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

ஆய்வகத்துக்குத் தண்ணீர் எடுக்கும் பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் போட்டிருக்க வேண்டும். அது குளோரினை நிறுத்திவிடும். அது இல்லாத பாட்டிலில் எடுத்தால் ஆய்வகம் போகும் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுகொண்டிருக்கும், முடிவு சுத்தம் என்று வரும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோக வேண்டும். மருந்தை அள்ளிப் போடும் முன் மாதிரி எடுத்துவிடுங்கள். பேதி என்று கேள்விப்பட்டதும் முதலில் தொட்டியில் பவுடரைக் கொட்டிவிட்டு, பிறகு மாதிரி எடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. அப்புறம் "தண்ணீரில் ஒன்றுமில்லை" என்ற அறிக்கை வந்து, விசாரணையே நின்றுபோகிறது.

நோயாளியின் மல மாதிரியும் அப்படியே. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், புதிதாக நோய் கண்ட 5 முதல் 10 பேரிடம் எடுத்தால் போதும், எல்லோரிடமும் தேவையில்லை. கேரி-பிளேர் ஊடகத்தில் (மல மாதிரியைக் கெடாமல் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் கூழ்) வைத்தால் காலரா கிருமி சாதாரண வெப்பத்திலேயே பிழைத்திருக்கும். ஐஸில் புதைக்க வேண்டியதில்லை, குளிர் அதற்கு ஆகாது.

செவிலி_மலர் எழுதியது:

குழாயைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகலாம். அதற்குள் ஒரு குழந்தையையும் இழக்கக் கூடாது. இதைத் தனியாக எழுதுகிறேன், தெருவில் உள்ளவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். அதில் உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 கிராம் கணக்காக இருக்கிறது. ஒரு டம்ளரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டிக் கொடுத்தால் உப்பு ஏறி, குழந்தைக்கு வலிப்பே வரலாம். 200 மில்லி சிறிய பாக்கெட்டும் இருக்கிறது, அட்டையைப் படித்துவிட்டுக் கரையுங்கள். வீட்டில் அளவு பாத்திரம் இல்லை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கழுவி வைத்துக்கொள்ளலாம். கரைத்தது 24 மணி நேரம் தாங்கும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கரைத்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது.

2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்தி, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சோறு, கஞ்சி, இட்லி எல்லாம் கொடுக்கலாம், பட்டினி போடுவது தவறு. கடையில் விற்கும் இனிப்பு ஜூஸ் டப்பாக்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அதிகச் சர்க்கரை பேதியைக் கூட்டும்.

துத்தநாக மாத்திரை: 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதம் வரை 10 மில்லிகிராம், 14 நாள். பேதி மூன்றாம் நாள் நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். பாதியில் நிறுத்துவதுதான் அதிகம் நடக்கிறது. பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

கண் உள்ளே போயிருந்தால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பினால், குடிக்கக்கூட முடியாமல் துவண்டால், மலத்தில் இரத்தம் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். அதுவரை, குடிக்க முடிந்தால், வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள்.

வார்டு_மெம்பர் எழுதியது:

எங்கள் பக்கம் பேதி என்றதும் தெரு ஓரம், சாக்கடை ஓரம் எல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவுகிறோம். ஜனங்களுக்கும் ஒரு தைரியம் வருகிறது. அதைச் செய்யலாம் இல்லையா?

ஆய்வாளர்_தெற்கு எழுதியது:

ஐயா, மன்னிக்க வேண்டும், அது வேண்டாம். மண்ணிலும் சாக்கடையிலும் உள்ள கழிவு அந்தக் குளோரினை நிமிடங்களில் தின்றுவிடும். சாலையில் கோலம் போல் வெள்ளைக் கோடு தெரியும், ஒரு கிருமியும் சாகாது. 25 கிலோ மூட்டையை அப்படித் தூவினால், உங்கள் 30,000 லிட்டர் தொட்டிக்கு 200 நாளுக்கு மேல் வரும் மருந்து மண்ணுக்குப் போகிறது. பிறகு தொட்டிக்குப் பவுடர் இல்லை என்று அளவைக் குறைப்பார்கள். அந்தத் தைரியம் ஜனங்களைக் காய்ச்சாத தண்ணீரையும் குடிக்க வைக்கிறது, அதுதான் என் பயம்.

தூவ ஆள் இருந்தால் அவர்களைக் கடைசித் தெருவில் வீடு வீடாக அனுப்புங்கள். கையில் ஓ.ஆர்.எஸ்., குளோரின் மாத்திரை, ஒரு நோட்டு. குளோரின் மாத்திரை பல அளவில் வருகிறது, 20 லிட்டருக்கு ஒன்று என்பதும் உண்டு, குடத்துக்கு ஒன்று என்பதும் உண்டு. அட்டையில் உள்ளதைப் பார்த்து, அந்த வீட்டுக் குடத்திலேயே ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு வர வேண்டும். போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும்.

பெயரில்லாப்_பறவை எழுதியது:

பவுடர் வாசனைக்கு ஜனங்கள் சண்டைக்கு வருகிறார்கள், டீ நாறுகிறது என்கிறார்கள். அதனால்தான் ஆபரேட்டர்கள் குறைக்கிறார்கள். இதற்கு என்ன வழி?

குழாய்வழி எழுதியது:

நியாயமான கேள்வி. பாதி நேரம் அந்த நெடி குளோரின் அதிகமானதால் வருவதில்லை. அழுக்கோடு, அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின்தான் அப்படி மூக்கைத் துளைக்கும். கலக்காமல் ஊற்றி, ஒரு மணி நேரம் காத்திருக்காமல் திறந்தால், முதல் தெருவுக்குக் கட்டியாகவும் கடைசித் தெருவுக்கு வெறும் தண்ணீராகவும் போகும். முதல் தெருக்காரர் சண்டைக்கு வருவார், கடைசித் தெருக்காரருக்குப் பேதி வரும்.

அளவை ஊகிக்காமல் சோதித்தே முடிவு செய்யலாம், செலவில்லை. உங்களிடம் உள்ள அதே பவுடரில் 30 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிய விடுங்கள். தொட்டிக்கு ஏறும் தண்ணீரை, மருந்து கலக்கும் முன், நான்கு 20 லிட்டர் வாளியில் பிடியுங்கள். தெளிந்த கரைசலை ஊசிச் சிரிஞ்சால் முறையே 2, 3, 4, 6 மில்லி விடுங்கள். பவுடர் நல்லதாக இருந்தால் இது 1, 1.5, 2, 3 பிபிஎம் ஆகும். கலக்கி, மூடி, அரை மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். எந்த வாளியில் 0.5-க்குச் சற்று மேல் நிற்கிறதோ அதுவே உங்கள் அளவு. 4 மில்லி வாளியில் நின்றால், 30,000 லிட்டருக்கு 6 லிட்டர் கரைசல், அதாவது 180 கிராம் பவுடர். பவுடரின் பலம் எவ்வளவு என்ற கவலையே இதில் இல்லை. குறைந்த பலமுள்ள பவுடர் என்றால் அதுவே கூடுதல் மில்லி கேட்கும். புது மூட்டை பிரிக்கும்போதும், மழைக்கு முன்னும் பின்னும் இதைச் செய்யுங்கள்.

கலங்கல் தண்ணீரில் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. மண்துகளுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும். முதலில் தெளிய வைக்க வேண்டும்.

புள்ளி_வரைபடம் எழுதியது:

கடைத்தெரு சொன்ன 11 பேரைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். எண்ணிக்கை மட்டும் போதாது. ஒவ்வொருவருக்கும் வயது, கதவு எண், பேதி தொடங்கிய நாள், நேரம், எந்தக் குழாய்த் தண்ணீர், முந்தைய மூன்று நாளில் விசேஷம் எதிலாவது சாப்பிட்டார்களா, இதெல்லாம் ஒரே தாளில் வேண்டும். ஒரே இரவில் 11 பேருக்கும் தொடங்கியிருந்தால் கல்யாணச் சாப்பாட்டைச் சந்தேகிக்கலாம். 9 நாளாக விட்டு விட்டு வருவது, தண்ணீர்க் குழாயில் அவ்வப்போது கலப்பதோடு பொருந்துகிறது. மழை பெய்த நாளையும் பக்கத்தில் குறியுங்கள்.

பிறகு தெருவைக் கையால் வரைந்து வீடு வீடாகப் புள்ளி வையுங்கள். 1854-இல் லண்டன் சோஹோ பகுதியில் ஜான் ஸ்னோ செய்தது இதுதான். பிராட் தெருப் பம்பைச் சுற்றி இறப்புகள் குவிந்ததைக் காட்டினார், செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். கிருமி எது என்று அவருக்குத் தெரியாது, தண்ணீர் எது என்று தெரிந்தது. பக்கத்து பீர் ஆலையில் வேலை செய்தவர்கள் தப்பியதையும் அவர் விடவில்லை, அவர்கள் அந்தப் பம்பில் குடிக்கவில்லை. நீங்களும் அதே தெருவில் நோய் வராத வீடுகளைக் கேளுங்கள். அவர்கள் கேன் தண்ணீரா, காய்ச்சிக் குடிக்கிறார்களா, மேட்டுப் பக்க இணைப்பா?

நாள் கணக்கும் முக்கியம். காலரா சில மணி நேரம் முதல் 5 நாளுக்குள் வெளிப்படும். டைபாய்டு ஒன்று முதல் மூன்று வாரம். மஞ்சள் காமாலை ஏ வகைக்குச் சராசரி 28 நாள். ஆகவே அடுத்த மாதம் அந்தத் தெருவில் காமாலை வந்தால், அன்றைய தண்ணீரைச் சோதித்துப் பயனில்லை, இந்த மழையின் தண்ணீர்தான் காரணமாக இருக்கும். இ வகைக் காமாலை கர்ப்பிணிகளின் உயிரையே எடுக்கும், குறிப்பாகக் கடைசி மூன்று மாதத்தில். அந்தத் தெருவில் கர்ப்பிணிகள் பட்டியலைச் செவிலியரிடம் இப்போதே கேட்டு வாங்கி, அவர்களுக்குக் காய்ச்சிய தண்ணீர் போவதை உறுதிசெய்யுங்கள்.

கடைசியாக, பெரியவர் ஒருவர் வெறும் தண்ணீராகப் போய்க் கடும் நீரிழப்போடு வந்தால், அந்த ஒருவரே போதும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே தகவல் போக வேண்டும். 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. காலராவை மறைப்பது ஊரின் பெயரைக் காப்பாற்றாது.

வார்டு_மெம்பர் எழுதியது:

அப்படியானால் கடைசித் தெருவுக்கு இன்றே தண்ணீரை நிறுத்திவிடலாமா?

ஆய்வாளர்_தெற்கு எழுதியது:

மாற்றுத் தண்ணீர் வந்து நின்ற பிறகு நிறுத்துங்கள். வெறுமனே நிறுத்தினால் ஜனங்கள் பழைய கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் போவார்கள், நிலைமை இன்னும் கெடும். தினமும் இரண்டு நேரம் டேங்கர் லாரி. 10,000 லிட்டர் லாரிக்கு 40 கிராம் பவுடர் கரைசலில் தொடங்கி, நிரப்பிய அரை மணி கழித்தும், கடைசிக் குடம் பிடிக்கும்போதும் அளக்க வேண்டும். லாரியின் ரப்பர் குழாய் தரையில் இழுபடக் கூடாது.

கிணறு ஏதாவது பயன்பாட்டில் இருந்தால்: விட்டம் மீட்டரில், அதை அதனாலேயே பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 0.785-ஆல் பெருக்கினால் கன மீட்டர். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் 28.26 கன மீட்டர், அதாவது 28,260 லிட்டர், 113 கிராம் பவுடர். தெளிந்த கரைசலை வாளியோடு இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். இரவில் போட்டால் காலைக்குள் ஒரு மணி நேரம் என்ன, முழு இரவும் கிடைக்கும்.

தொட்டி_பாண்டி எழுதியது:

ஒண்ணு விட்டுப்போச்சு. தண்ணி நிறுத்தினா எல்லாரும் டிரம்முல, அண்டாவுல பிடிச்சு வைப்பாங்க. டெங்கு கொசு அதுலதான் முட்டை போடும். தொட்டிக்குப் போடுற குளோரின் அளவு கொசுப்புழுவைக் கொல்லாது. வாரம் ஒரு தடவை முழுசா வடிச்சு, உள் சுவரைத் தேங்காய் நாரால தேய்க்கணும். முட்டை சுவத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்குல காஞ்சு கிடந்தாலும் சாகாது. துணியால மூடிக் கட்டணும்.

கடைத்தெரு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றும் இன்றும் அளந்தோம். நேரடி பம்பிங் இல்லை, தனித் தொட்டியும் இல்லை, ஒரே லைன்தான். டிபிடி மாத்திரை கிடைத்தது.

தொட்டி வாயில் 0.8. பள்ளிக்கூடக் குழாய் 0.7. ரேஷன் கடை 0.6. கோயில் முக்கு 0.5. கடைசித் தெரு முதல் குழாய் 0.5. மூன்றாவது குழாய் பூஜ்யம். கடைசிக் குழாய் பூஜ்யம். எல்லாம் சப்ளை தொடங்கியதும் எடுத்தவை. 15 நிமிடம் கழித்து மூன்றாவது குழாயில் 0.3, கடைசியில் 0.2.

முதல் குழாய்க்கும் மூன்றாவதுக்கும் நடுவே நான்கு குழிக்குழாய்கள், மூன்றுக்கு மூடி இல்லை, இரண்டில் மழைத் தண்ணீர் நிற்கிறது. ஒரு வீட்டிணைப்பு சாக்கடைக்குள்ளேயே 2 மீட்டர் ஓடுகிறது. 11 நோயாளிகளில் 10 பேர் மூன்றாவது குழாய்க்கு அப்பால் உள்ளவர்கள்.

குழாய்வழி எழுதியது:

தொட்டியிலும் மெயின் லைனிலும் பெரிய கோளாறு இல்லை, ஆபரேட்டரைக் குறை சொல்ல வேண்டாம். கலப்பது அந்த நான்கு குழிகளில்தான்.

வரிசையாகச் செய்யுங்கள். டேங்கர் வந்ததும் அந்தத் தெரு வால்வை மூடுங்கள். குழிகளை இறைத்து, குழாயைத் தரைக்கு மேல் ஒன்றரை அடி உயர்த்தி, திருகுக் குழாய் மாட்டி, பள்ளத்தை மண் போட்டு மூடுங்கள். உயர்த்தினால் தண்ணீர் ஏறாது என்பார்கள், அது உண்மையான பிரச்சினை. அந்தத் தெருவுக்குத் தனி நேரம் ஒதுக்கி, மற்ற வால்வுகளை மூடிவிட்டு விட்டால் ஏறும். மேட்டுத் தெருவில் மோட்டார் வைத்து உறிஞ்சும் இணைப்புகளையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இவர்கள் மறுபடி பள்ளம் தோண்டுவார்கள். சாக்கடைக்குள் ஓடும் ஜி.ஐ. குழாயை வெட்டி எடுத்து, சாக்கடைக்கு மேலாக எச்.டி.பி.இ. (கெட்டி பிளாஸ்டிக்) குழாய் போட்டு அதை உறைக்குழாய்க்குள் நுழைத்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் கடைசிக் குழாயைத் திறந்து வைத்து லைனைக் கழுவி வெளியேற்றுங்கள். அன்று மட்டும் தொட்டிக்குப் போடும் பவுடர் அளவை இரட்டிப்பாக்கி அந்தத் தெரு லைனை நிரப்பி, ஓர் இரவு வையுங்கள், யாரும் குடிக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டு. காலையில் அதையும் வடித்துவிட்டு, சாதாரண அளவில் முதல் தண்ணீரில் 0.5 வருகிறதா பாருங்கள்.

செவிலி_மலர் எழுதியது:

அளப்பதை அந்தத் தெருப் பெண்களிடமே கொடுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டியில் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறது, உங்கள் ஊரில் யார் என்று பாருங்கள். அதில் ஒருவராவது மூன்றாவது குழாய்க்கு அப்பால் வசிப்பவராக இருக்கட்டும். தினமும் முதல் குடம் பிடிக்கும்போது ஒரு டிபிடி மாத்திரையால் அளந்து, எண்ணைத் தெருமுனைப் பலகையில் எழுத வேண்டும். பேதி ஓயும்வரை 0.5-க்கும், அதன் பிறகு 0.2-க்கும் கீழ் போனால் ஆபரேட்டருக்கு அன்றே போன்.

கடைத்தெரு எழுதியது:

பலகைக்கு ஊராட்சி ஒப்புக்கொண்டது. இரண்டு குழாய் இன்று உயர்த்தியாகிவிட்டது, மீதி இரண்டு நாளைக் காலை. டேங்கர் ஓடுகிறது, கடைசிக் குடத்தில் 0.5. இன்று புதிதாக யாருக்கும் இல்லை. கர்ப்பிணிகள் இரண்டு பேர், இருவர் வீட்டிலும் காய்ச்சிய தண்ணீர். லைனைக் கழுவி நிரப்பியபின் வரும் எண்களை இங்கேயே போடுகிறேன்.

தொட்டி_பாண்டி எழுதியது:

தம்பி, கழுவுற அன்னைக்கு வால்வுக் குழியில நிக்கிற தண்ணியையும் இறைச்சிடுங்க. அதை யாரும் பார்க்க மாட்டாங்க.